அக்கா மகள் கன்னியர் மடத்தில் சேர விரும்புகிறாள். ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சொல்லியாக வேண்டுமா?

செம்பியம்_சித்தி | இரவு 10.42

இந்தக் குழுவில் நான் படிப்பவள், எழுதுபவள் அல்ல. இன்று வேறு வழியில்லை. சபையின் பெயர், மருத்துவமனையின் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன், தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அக்கா மகளுக்கு 20 வயது. பி.காம். கடைசி வருடம். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சிஸ்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருடா வருடம் ஆகஸ்ட் கொடியேற்றத்துக்குப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே போவாள், நான் பாதியில் ஆட்டோ பிடித்துவிடுவேன். மாமா (அவள் அப்பா) மட்டும் ஒரேயடியாக மறுத்துக்கொண்டிருந்தார். ஒரே பெண் ஆயிற்றே.

இவள் இன்னும் வயதுக்கு வரவில்லை. 15 வயது வரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவ பாட்டிக்கும் லேட்டுதான்" என்று அம்மாவே சொல்லிவிட்டார். 16, 17 ஆனதும் கல்யாண வீடுகளில் "விசேஷம் எப்போ, மண்டபம் பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அக்கா விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நாட்டு மருந்துக் கடையிலிருந்து எள்ளு, கருஞ்சீரகம், என்னென்னவோ. போன வருடம்தான் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையே இல்லை. அப்புறம் ரத்தம் எடுத்து குரோமோசோம் பார்த்தார்கள். எக்ஸ் ஒய் என்று வந்தது. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்று ஒரு பெயர் சொன்னார்கள். பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆனால் வெளியே வராந்தாவில் இன்னொருவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "அப்போ டெக்னிக்கலா ஆண்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு வீடு வரும் வரை பேசவில்லை.

இப்போது சபையிலிருந்து நாலு பக்க மருத்துவப் படிவம் வந்திருக்கிறது. 11ஆவது கேள்வி: முதல் மாதவிடாய் வந்த வயது. 12: ஒழுங்காக வருகிறதா. மாமாவும் இப்போது சம்மதித்துவிட்டார். கேள்வி இதுதான். இவளைச் சேர்க்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை இருக்கிறதா? இருக்கிறதோ இல்லையோ, சொல்லியாக வேண்டுமா? சொன்னால் எங்கள் பங்குக் கோயில் முழுக்கத் தெரிந்துவிடுமா?

---

மாடவீதி_மரியான் | இரவு 11.15

சகோதரி, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். எக்ஸ் ஒய் என்றால் ஆண். 'ஆணும் பெண்ணுமாகப் படைத்தார்' என்று தொடக்கநூலில் இருக்கிறது, மூன்றாவது இல்லை. ஆணைப் பெண்கள் மடத்தில் எப்படிச் சேர்ப்பார்கள்? அமெரிக்காவில் 2021இல், ஆயர் பேரவையின் திருச்சட்டக் குழுவுக்குத் தலைவராக இருந்த மில்வாக்கி பேராயர் ஜெரோம் லிஸ்டெக்கி, குருவாகப் பயிற்சி பெற குருமடத்துக்கு (செமினரிக்கு) வருபவர்களிடம் டி.என்.ஏ. சோதனை கேட்பதைப் பற்றி ஆயர்கள் யோசிக்கலாம் என்றே எழுதினார். காலம் அப்படி இருக்கிறது.

---

புளியந்தோப்பு_பையன் | இரவு 11.19

அப்போ இந்தப் பொண்ணு பூந்தமல்லி செமினரிக்கு அப்ளிகேஷன் போடலாமாண்ணே? டி.என்.ஏ. பாஸ்தானே.

---

மாடவீதி_மரியான் | இரவு 11.24

கிண்டல் வேண்டாம் தம்பி.

---

ஓய்வு_நர்ஸ் | காலை 5.50

தம்பி கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். மரியான் சாரால் பதில் சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

நான் 31 வருடம் அரசு மருத்துவமனையில், அதில் பாதி பிரசவ வார்டில் இருந்தவள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செம்பியம் அம்மா, குழந்தைக்குச் சின்ன வயதில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்ததா? பல பேருக்கு அதுதான் முதல் அடையாளம், யாரும் கவனிப்பதில்லை.

விஷயம் இவ்வளவுதான். எக்ஸ் ஒய் இருப்பதால் வயிற்றுக்குள் விதைப்பை உருவாகிறது. அது ஆண் ஹார்மோனைச் சுரக்கவும் செய்கிறது. ஆனால் உடம்பின் செல்களுக்கு அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளத் தெரியாது. தபால்காரர் தினமும் வருகிறார், வீட்டில் கதவே இல்லை என்று வையுங்கள். அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடும், அதனால்தான் மார்பு வளர்ச்சி எல்லாம் மற்றப் பெண்களைப் போலவே இருக்கும். கர்ப்பப்பை மட்டும் இருக்காது. பிறந்த அன்று தாதி "பொண்ணு" என்றாள். வளர்ந்தது பெண்ணாக. அவள் தன்னை நினைப்பதும் பெண்ணாக. வராந்தாவில் நின்று "டெக்னிக்கலா" என்று பேசியவருக்குப் பாடம் பாதிதான் தெரியும்.

இது ஒரு வகை. அட்ரினல் சுரப்பிக் கோளாறில் எக்ஸ் எக்ஸ் குழந்தை ஆண் சாயலோடு பிறக்கும். அதில் சில குழந்தைகளுக்கு உடம்பில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து, உடனே மருந்து கொடுத்தாக வேண்டும். இன்னொன்றில் பெண்ணாக வளர்ந்த பிள்ளைக்குப் பருவ வயதில் குரல் உடையும். கர்ப்பப்பை இல்லாமலே எக்ஸ் எக்ஸாக இருப்பவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மூன்றாவது' என்று சொல்லிவிட முடியாது.

இந்த ஒய் குரோமோசோம் விவகாரத்தை நம் ஊர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய புதுக்கோட்டை சாந்தியிடமிருந்து பதக்கத்தைப் பறித்தார்கள். ஊரே அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியது. அதற்குப் பின் 13 வருடம் கழித்து, 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு. இடைப்பால் குழந்தைகளுக்கு, அதாவது பிறவியிலேயே உடலமைப்பு வழக்கமான ஆண், பெண் வகைக்குள் அடங்காத குழந்தைகளுக்கு, உயிராபத்து இல்லாமல் பால் திருத்தும் அறுவை சிகிச்சை செய்யக்கூடாது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு அதையே ஆணையாகப் போட்டது. இந்தியாவில் முதல் மாநிலம் நாம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெற்றோரைக் கேட்டுவிட்டு அறுத்துவிடுவார்கள்.

---

கேனன்_குமாஸ்தா | காலை 9.30

நான் குரு அல்ல, மறைமாவட்ட நீதிமன்றத்தில் எட்டு வருடம் எழுத்து வேலை பார்த்தவன். திருமண வழக்குகளின் ஃபைலைத் தூக்கித் தூக்கியே தோள் போச்சு. அந்த அறிவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குருத்துவம் வேறு, துறவறம் வேறு. திருச்சபையின் 1983 சட்டத் தொகுப்பில் 1024ஆம் எண், திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே செல்லும்படியாகத் திருநிலைப்பாடு (குருப்பட்டம்) பெற முடியும் என்கிறது. அங்கே ஆணா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி, அதனால்தான் மில்வாக்கி பேராயர் அப்படி எழுதினார். அவர் எழுதியது குருமடத்தைப் பற்றி. கன்னியர் மடத்தைப் பற்றி அல்ல.

நவதுறவகத்தில், அதாவது வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்தைய பயிற்சியில், சேருவதற்கான தடைகள் 643இல் இருக்கின்றன. 17 வயது நிரம்பாதவர். திருமண பந்தத்தில் இருப்பவர். வேறு துறவற சபையோடு பிணைப்பில் இருப்பவர். பலவந்தத்தாலோ பேரச்சத்தாலோ ஏமாற்றாலோ வருபவர், அல்லது அப்படியே பலவந்தத்துக்கோ அச்சத்துக்கோ ஏமாற்றுக்கோ ஆளான தலைவியால் ஏற்கப்படுபவர். முன்பு ஒரு சபையில் இருந்ததை மறைத்தவர். பொதுச் சட்டத்தில் அவ்வளவுதான். குரோமோசோம் இல்லை, கர்ப்பப்பை இல்லை, மாதவிடாய் இல்லை. ஆனால் அதே 643இன் இரண்டாம் பத்தி, சபையின் சொந்தச் சட்டம் கூடுதல் தடைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே அந்தச் சபையின் சட்ட நூலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

642இல் உடல்நலம், ஏற்ற குணம், போதுமான முதிர்ச்சி மூன்றும் பார்க்கச் சொல்கிறது. தேவைப்பட்டால் வல்லுநரைக் கொண்டு பார்க்கலாம். உடனே ஒரு வால்: 220ஆம் எண்ணுக்குக் குந்தகம் இல்லாமல். 220 என்பது ஒருவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் காக்கிற எண். அதாவது தலைவி தெரிந்துகொள்ளலாம், சமையலறை வரைக்கும் தெரிய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சொல்லியாக வேண்டுமா? என் பதில்: தலைவியிடம் சொல்லிவிடுங்கள். தெருவுக்குச் சொல்ல வேண்டாம். 11ஆவது கேள்விக்கு '14 வயது' என்று எழுதி உள்ளே போனால், அது 643 சொல்கிற ஏமாற்று என்று பின்னால் யாராவது வாதிடலாம். அப்படி நிரூபணமானால் நவதுறவகச் சேர்க்கையே செல்லாது. அடித்தளம் செல்லாது என்றால் அதன் மேல் எழுப்பிய வார்த்தைப்பாடும் ஆட்டம் காணும். பத்து வருடம் கழித்து, ஏதோ ஒரு சண்டையில், ஒரு ஃபைலைத் திறந்து 'நீ மறைத்தாய்' என்று ஒருவர் சொல்லும் நிலை வேண்டாம். மறைக்கிற விஷயத்தைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகும் என்பதை நான் வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

---

மாடவீதி_மரியான் | காலை 11.05

குமாஸ்தா ஐயா, சட்டத்தில் எழுதாதது எல்லாம் அனுமதி ஆகிவிடுமா? 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட 'எல்லையற்ற மாண்பு' ஆவணத்தைப் படித்தீர்களா? பாலின மாற்றச் சிகிச்சை மனித மாண்புக்கே அச்சுறுத்தல் ஆகக்கூடும் என்று சொல்லியிருக்கிறது.

---

கேனன்_குமாஸ்தா | மதியம் 1.20

படித்தேன். நீங்கள் சொல்வது 60ஆம் பத்தி. அதே பத்தியில் அடுத்த வரியையும் படியுங்கள். பிறவியிலேயே தெரிகிற அல்லது பின்னால் வெளிப்படுகிற பாலுறுப்புக் கோளாறுகளுக்கு ஒருவர் மருத்துவ உதவி பெறுவதை இது விலக்கவில்லை, அது பாலின மாற்றம் ஆகாது என்று இருக்கிறது. வத்திக்கானின் கல்விக்கான பேராயம் 2019இல் வெளியிட்ட ஆவணமும், பால் தெளிவாக இல்லாத இடத்தில் மருத்துவர்தான் வழி காட்ட வேண்டும், பெற்றோரோ சமூகமோ தன்னிச்சையாகத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. நீங்கள் கொண்டுவந்த ஆவணமே இந்தப் பெண்ணை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 325இல் நிசேயாவில் ஆயர்களின் முதல் பொதுச்சங்கம் கூடியது. விசுவாச அறிக்கை நமக்கு மனப்பாடம். அந்தச் சங்கம் போட்ட சட்டங்களில் முதலாவது என்ன தெரியுமா? நோய்க்காக மருத்துவர் விதையை நீக்கியிருந்தாலும், பகைவர் வெட்டியிருந்தாலும், அவர் குருவாகவே இருக்கலாம். நல்ல உடம்போடு இருக்கும்போது தானே வெட்டிக்கொண்டவருக்குத்தான் இடமில்லை. 1,700 வருடத்துக்கு முன்பே உடலின் குறையையும் மனத்தின் நோக்கத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு கிளைக்கதை. திருத்தூதர் பணிகள் 8இல் பிலிப்பிடம் திருமுழுக்குப் பெறுகிற எத்தியோப்பியர் மூலத்தில் ஓர் அண்ணகர், அதாவது விதை நீக்கப்பட்டவர். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அவர் 'மந்திரி' ஆகிவிட்டார்! மத்தேயு 19இல் 'அண்ணகர்கள்' என்று துணிந்து எழுதியவர்கள் இங்கே ஏன் பதவியை மட்டும் போட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை வாசகத்தில் கூச்சமாக இருந்திருக்கும்.

அப்புறம் தமிழ் வாத்தியார்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள். தொல்காப்பியர் பேடியை (ஆண்மை திரிந்தவரை) அஃறிணையில் தள்ளவில்லை. உயர்திணைதான், ஆனால் தனக்கென்று ஈறு (சொல்லின் பால் காட்டும் முடிவு) கிடையாது, ஆண்பால் அல்லது பெண்பால் ஈற்றைத்தான் கடன் வாங்க வேண்டும் என்கிறார். திருச்சபைச் சட்டமும் அப்படியேதான். ஆள் உண்டு, ஈறு கிடையாது. ஆண்கள் சபை, பெண்கள் சபை, ஏதாவது ஒன்றில் போய் நிற்க வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் இந்தப் பெண்ணுக்கு எந்த ஈறு இருக்கிறது? 'மகள்' என்றுதானே? சபை கேட்கிற சான்றிதழ் அதுதான்.

---

ராயபுரம்_ராபின் | மாலை 4.10

எல்லாரும் ஏதோ ஒரு அக்கா மகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் திருநம்பி. பதிவேட்டில் எனக்கும் 'மகள்' என்றுதான் இருக்கிறது. நான் ஒரு சகோதரர்கள் சபையில் சேர விரும்பினேன், குருவாக அல்ல. சேர வருபவர்களைப் பார்க்கிற இறையழைத்தல் இயக்குநர் மூன்று சந்திப்புகளில் என்னை மிக மரியாதையாகத்தான் நடத்தினார். நான் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. குமாஸ்தா ஐயா, எனக்கும் 643தானே?

---

கேனன்_குமாஸ்தா | மாலை 5.45

தம்பி, உங்களுக்கு இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயம் வேறு. 2000ஆம் ஆண்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் மறைவாக ஒரு குறிப்பைத் தயாரித்தது. 2003 ஜனவரியில் அது செய்தியாக வெளியே வந்தது. சிகிச்சை வெளித்தோற்றத்தைத்தான் மாற்றுகிறது, திருச்சபையின் பார்வையில் பால் மாறுவதில்லை, பதிவேட்டைத் திருத்தக் கூடாது, பால் மாற்றச் சிகிச்சை செய்துகொண்டவர் குருத்துவத்துக்கோ துறவறத்துக்கோ ஏற்றவர் அல்லர் என்பது அதன் சாரம். 2023 அக்டோபர் 31இல் பிரேசில் நாட்டு ஆயர் ஒருவரின் ஆறு கேள்விகளுக்கு அதே துறையின் தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் கொடுத்த பதிலில் கொஞ்சம் வாசல் திறந்தது. திருமுழுக்குப் பெறலாம், சில நிபந்தனைகளோடு ஞானத்தந்தையாக நிற்கலாம், திருமணத்துக்குச் சாட்சி நிற்கலாம். திருத்தந்தை பிரான்சிசின் ஒப்புதலோடு வந்த பதில் அது. துறவறம் அதில் கேட்கப்படவும் இல்லை.

ஒரே ஒரு சன்னல் தெரிகிறது. சட்ட எண் 603. சபை இல்லை, சகோதரர்கள் இல்லை, ஆயரின் கையில் வார்த்தைப்பாடு கொடுத்துத் தனியாக வாழும் தவசி. அதற்கு ஆண், பெண் என்ற பிரிவு வேண்டியதில்லை. அமெரிக்காவில் லெக்சிங்டன் மறைமாவட்டத்தில் அப்படி ஒருவர் 2024 மே மாதம், தூய ஆவியார் பெருவிழா அன்று, தான் திருநம்பி என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆயர் ஜான் ஸ்டோவுக்கு அது முன்பே தெரியும், தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார். கடும் எதிர்ப்பும் வந்தது. அது அந்த ஆயரின் முடிவு. இன்னோர் ஆயர் அப்படியே செய்வார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

போன் எடுக்காமல் இருந்தது தவறு. 'முடியாது' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

---

ராயபுரம்_ராபின் | மாலை 6.02

இந்த அளவுக்காவது யாரும் சொன்னதில்லை. நன்றி ஐயா. ஆனால் ஒன்று சொல்லணும். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற "அவள் திருநங்கை மாதிரி இல்லை, இது மருத்துவ விஷயம்" என்ற வாதத்தை நீங்கள் எடுக்கும்போது, கதவுக்கு வெளியே நிற்கிற எங்கள் மேல்தான் அந்தக் கதவு சாத்தப்படுகிறது.

---

ஓய்வு_நர்ஸ் | மாலை 6.40

ராபின் சொல்வது என்னைச் சுட்டது. நானும் காலையில் அப்படித்தான் எழுதினேன்.

---

மாடவீதி_மரியான் | இரவு 8.15

நான் கெட்டவன் இல்லை. என் கவலை வேறு. சட்டத்தை விடுங்கள், மடத்தில் இருபது பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். குளியலறை, படுக்கையறை எல்லாம் பொது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

---

முன்னாள்_நவதுறவி | இரவு 9.30

மரியான் அண்ணன் மடத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்ததுபோல் எழுதியிருக்கிறார். நான் இரண்டரை வருடம் இருந்தேன், வார்த்தைப்பாட்டுக்கு முன்பு வெளியே வந்தேன். கசப்பு எதுவும் இல்லை, எனக்கு ஒத்துவரவில்லை.

எங்கள் நவதுறவகத்தில் 14 பேர், இரண்டு குளியலறை. யாரும் யாரையும் பார்க்க நேரமில்லை, காலை 5 மணி மணியடிப்புக்குள் வாளியைப் பிடித்தால் போதும். ஆனால் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஸ்டோர் சிஸ்டர் சோப்பு, பேஸ்ட், நாப்கின் பாக்கெட் கொடுப்பார். ஒரு நோட்டில் பேருக்கு நேரே டிக். வாங்காவிட்டால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். எனக்குத் தைராய்டு கோளாறால் மூன்று மாதம் வராமல் இருந்தபோது, நாலாவது மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன சந்தேகத்தில் கேட்டார்கள் என்று உங்களுக்கே புரியும். அழுதுகொண்டே ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். அதனால் செம்பியம் அக்கா, மறைத்து உள்ளே அனுப்பினால் குரோமோசோம் வேண்டாம், அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரி தலைவிக்குத் தெரிந்திருந்தால், அந்தக் கேள்வியே வராது.

அது இருக்கட்டும். முதல் பதிவை இரண்டாவது தடவை படித்தேன். மாமா ஒரேயடியாக மறுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் 'மாமாவும் சம்மதித்துவிட்டார்' என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். எப்போது சம்மதித்தார்? ரிப்போர்ட்டுக்கு முன்பா, பின்பா?

---

செம்பியம்_சித்தி | இரவு 11.50

நர்ஸ் அம்மா, ஆமாம். நாலு வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. எனக்கு இப்போதுதான் உடம்பு சிலிர்க்கிறது.

நவதுறவி, நீங்கள் பிடித்துவிட்டீர்கள். ரிப்போர்ட் வந்த பதினோராவது நாள் சம்மதித்தார். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சரிம்மா, உன் இஷ்டப்படி சிஸ்டராவே போ" என்றார். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். சந்தோஷம் என்று நினைத்தேன். இவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளும் அப்பாவும் சரியாகப் பேசுவதில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "சித்தி, அஞ்சு வருஷமா கால்ல விழுந்து கேட்டேன், முடியாதுன்னார். இப்போ நான் கேக்காமலே சரின்றார். நான் சாமிக்குப் போறேன்னு நெனச்சேன். அவர் என்னைக் கழிச்சுக் கட்டுறார்."

---

முன்னாள்_நவதுறவி | காலை 6.15

என் பேட்சில் இருவர் அப்படி வந்தவர்கள். ஒருத்திக்கு வலிப்பு. இன்னொருத்திக்கு நிச்சயம் முடிந்து நின்றுபோன கல்யாணம். இருவருக்கும் மடம் பிடிக்கவும் இல்லை, வீட்டுக்குத் திரும்ப இடமும் இல்லை. இதை மதர் ஒருவர் எங்களிடமே வெளிப்படையாகச் சொன்னார்: "உங்க வீட்ல செல்லாத காசை உண்டியல்ல போடுறாங்க."

---

கேனன்_குமாஸ்தா | காலை 10.00

இங்கேதான் உண்மையான சட்டக் கேள்வி இருக்கிறது. சட்ட எண் 597: சரியான நோக்கம் உள்ள கத்தோலிக்கரைச் சேர்க்கலாம். ஒரு நல்ல தலைவி இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் 'ஆணா பெண்ணா' என்று குழம்ப மாட்டார். 'கல்யாணம் ஆகாது என்பதால் தள்ளிவிடுகிறார்களா' என்றுதான் யோசிப்பார். யோசிக்கவும் வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டாள் என்பதற்குச் சாட்சி தேடுங்கள். பங்குத்தந்தை, பள்ளிக்கூட சிஸ்டர், அந்தப் பெசன்ட் நகர் நடை எல்லாம் சாட்சிதான்.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். கல்யாணம் ஆகாது என்று அவராக முடிவு கட்ட வேண்டாம். 1084ஆம் எண், குழந்தைப்பேறு இல்லாமை திருமணத்துக்குத் தடை அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. உறவுகொள்ள இயலாமை வேறு விஷயம், அதை மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பப்பை இல்லாதவளுக்கு மடம்தான் கதி என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை.

---

மாடவீதி_மரியான் | காலை 10.40

இதைப் படித்தபின் நான் முதலில் எழுதியது கொஞ்சம் அவசரம் என்று தோன்றுகிறது. எக்ஸ் ஒய் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் செபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

---

புளியந்தோப்பு_பையன் | காலை 10.41

செமினரி அப்ளிகேஷனுக்கு இன்னும் பதில் வரல.

---

மட்டுறுத்துநர் | காலை 10.55

போதும் தம்பி. தென்னாப்பிரிக்காவின் சாலி கிராஸ் பற்றிக் கேட்டு மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். சுருக்கமாக இங்கேயே: 1987இல் டொமினிக்கன் சபையில் குருவானவர், பின்னர் தான் இடைப்பாலினர் என்று அறிந்து பெண்ணாக வாழத் தொடங்கியதும் குருத்துவ நிலையை இழந்தார். தன் நாட்டில் இடைப்பாலினருக்கான அமைப்பை நிறுவினார், 2005இல் அங்கே சமத்துவச் சட்டத்தில் இடைப்பால் என்ற சொல் சேர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 2014இல் இறந்தார். அவரைப் பற்றிப் பேச தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

---

செம்பியம்_சித்தி | 24 நாள் கழித்து, இரவு 9.05

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

இவளும் நானும் மட்டும் மாநிலத் தலைவியைப் பார்க்கப் போனோம். படிவத்தை இவளே நிரப்பினாள். 11ஆவது கேள்வியில் கோடு போட்டாள். 12இல், 'வராது. காரணத்தை நேரில் சொல்கிறேன்' என்று எழுதினாள். பெரிய டாக்டரின் கடிதத்தை ஒட்டிய கவரில் கொண்டுபோனோம். மதர் கவரைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டு, முதலில் இவளையே பேசச் சொன்னார். இவள் பத்து நிமிடம் பேசினாள். நடுவில் நான் ஏதோ சேர்க்கப் போனேன், மதர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அப்புறம் கவரைப் பிரித்துப் படித்தார். எக்ஸ் ஒய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டுமா, எலும்பு ஸ்கேன் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, வயிற்றில் இருப்பதை எடுக்கப் போகிறார்களா என்று கேட்டார். வீட்டில் கணக்குப் பார்க்கிறவர் கேட்கிற கேள்விகள்தான். (நர்ஸ் அம்மா, எடுப்பதா, எடுக்காமல் வருடா வருடம் பார்த்துக்கொண்டிருப்பதா என்று டாக்டர் எங்களிடமே விட்டிருக்கிறார். தனிச்செய்தியில் கேட்கிறேன்.) தன் ஆலோசகர்கள் நால்வரிடம் மட்டும் சொல்ல அனுமதி கேட்டார், இவளைத்தான் கேட்டார், என்னை அல்ல. சபையின் சொந்தச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை என்றும் சொன்னார். ஆனால் உறுதி எதுவும் கொடுக்கவில்லை. ஆலோசனைக் குழு கூடிய பின் ஜூனில் சொல்வதாகச் சொன்னார்.

கிளம்பும்போது மதர், "அப்பாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். எனக்குப் பகீர் என்றது.

"இப்போ சம்மதம் மதர்," என்றாள் இவள். "அதான் ஜூன்ல வர வேண்டாம்னு நானே நெனைக்கிறேன். எம்.காம். முடிச்சிடறேன். அதுக்குள்ள அவர் மறுபடி வேண்டாம்னு சொல்வார்ல, அப்போ வர்றேன்."

மதர் சிரித்துவிட்டார். அப்புறம் கவரை மறுபடி ஒட்டி, மேலே தேதி போட்டு, இவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.